ஒரு முறை ஆட்டிய மாவில் நாலு ராத்திரி டிபன்

தமிழ்நாட்டில் பல வீடுகளில் மதியம் சாதம், ராத்திரிக்கு டிபன் என்பதுதான் வழக்கம். ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர்களும் எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். ஆனால் அதே மாவில் தினமும் தோசையே வார்த்தால் மூன்றாம் நாள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் மாவு ஒவ்வொரு நாளும் ஒரே மாவாக இருப்பதில்லை. பொங்கிய அன்று அதில் காற்று நிறைந்திருக்கும். மறுநாள் காற்று கொஞ்சம் அடங்கி லேசான புளிப்பு சேரும். அதற்குப் பிறகு புளிப்புதான் முன்னால் நிற்கும். மாவின் வயதுக்கு ஏற்ற பலகாரத்தைச் செய்ய வேண்டும்: முதல் ராத்திரி இட்லி, அடுத்தது தோசை, பிறகு ஊத்தப்பம், கடைசியில் குழிப்பணியாரம். நாலு நாள் பழைய மாவில் இட்லி ஊற்றினால் தட்டையாகப் புளித்துக் கிடக்கும். அன்றைக்குப் பொங்கிய மாவில் ஊத்தப்பம் போட்டால் சப்பென்றிருக்கும்.

மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் உள்ள வீட்டுக்கு அளவு இது:

இட்லி அரிசி – 800 கிராம்
தோல் நீக்கிய முழு உளுந்து – 200 கிராம்
வெந்தயம் – 1 டீஸ்பூன்
கல் உப்பு – 20 கிராம் (குவித்து ஒரு மேசைக்கரண்டி)

ஒரு கிலோ தானியம் தண்ணீரோடு சேர்ந்து சுமார் இரண்டரை கிலோ மாவாகும். அதில் 16 இட்லி, 10 தோசை, 6 ஊத்தப்பம் போக, கடைசியில் பதினெட்டு பணியாரத்துக்கு மாவு மிஞ்சும்.

அரிசி புழுங்கலாக இருக்க வேண்டும். குண்டு ரகம் நல்லது. ஏடிடி 37 அரிசியைக் கடைகளில் இட்லி குண்டு என்றே கேட்டு வாங்குவார்கள். ரேஷன் புழுங்கல் அரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தாலும் மாவு நன்றாக வரும், ஆனால் கழுநீர் தெளியும்வரை நாலைந்து முறை களைந்துவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் அரிசியில் குறைக்கலாம், உளுந்தில் குறைக்காதீர்கள். புது உளுந்து என்றால் ஒன்றுக்கு நாலு தாங்கும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது. அப்படிப்பட்ட உளுந்து கையில் இருந்தால் 50 கிராம் கூடப் போடுங்கள். மிக்ஸியில் அரைப்பவர்களும் அரிசியை 600 கிராமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். மிக்ஸியின் பிளேடு உளுந்தை வெட்டுமே தவிர, கல் செய்வதுபோல் நசுக்கிக் காற்றை ஏற்றாது.

எப்போது ஆட்டுவது

சாயங்காலம் ஆட்டினால் மாவு நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் பொங்கும். அது காலை இட்லிக்குச் சரி. ராத்திரி டிபனுக்கு மாவு என்றால் காலையில் ஆட்டுங்கள். சனிக்கிழமை படுக்கப் போகும் முன் அரிசியைக் களைந்து ஊறப் போடுங்கள். ஐந்தாறு மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க ஊறினாலும் கெடாது. சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் மாற்றுங்கள். உளுந்தை அரிசியோடு ஊற வைக்க வேண்டாம். அதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் போதும், அதிகம் ஊறினால் மாவு பொங்குவது குறைந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஊறப் போட்டுப் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஏழரைக்கு ஆட்டத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு முன் வேலை முடிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் மாவு பொங்கி நிற்கும்.

உளுந்து ஆட்டுவது

இந்த அரை மணி நேரம்தான் நாலு நாள் டிபனையும் தீர்மானிக்கிறது. கிரைண்டர் கல்லைச் சுற்றவிட்டு உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தொடக்கத்திலேயே தண்ணீரை ஊற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தண்ணீர் மிதமிஞ்சினால் பருப்பு கல்லுக்கு அடியில் அகப்படாமல் வழுக்கிக்கொண்டு ஓடும், மாவு நீர்த்துப்போய்ப் பொங்காமல் நின்றுவிடும். முதலில் அரை டம்ளர் தண்ணீரோடு அரைய விடுங்கள். பருப்பு உடைந்து பசையானதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையில் அள்ளிக் கொஞ்சம் தெளித்துக்கொண்டே போங்கள். மொத்தம் இரண்டு டம்ளர் வரை இழுக்கும் (டம்ளர் என்று சொல்வது எல்லா இடத்திலும் 200 மில்லி). ஃப்ரிட்ஜ் தண்ணீராக இருக்கட்டும். சூடேறிய உளுந்து மாவு சீக்கிரமே நீர்த்துவிடும். மிக்ஸியில் இது இன்னும் முக்கியம். ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்தி அரையுங்கள்.

ஓரங்களில் ஒட்டியதை இடையிடையே வழித்து உள்ளே தள்ள வேண்டும். 25 முதல் 30 நிமிடத்தில் மாவு வெளுத்து, பளபளத்து, கிரைண்டர் பாத்திரத்தில் உயர்ந்து வரும். கையை நனைத்துத் தொட்டால் விரலில் ஒட்டாமல் எழும்பும். ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறு உருண்டையை விட்டுப் பாருங்கள். கரையாமல் மிதந்தால் பதம் சரி. அடிக்குப் போனால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும்.

உளுந்தை வழித்துவிட்டுக் கிரைண்டரைக் கழுவாமலே அரிசியைப் போடலாம். இதற்கு 15 முதல் 20 நிமிடம், தண்ணீர் இரண்டரை முதல் மூன்று டம்ளர். விரலுக்கிடையில் தேய்த்தால் நைஸ் ரவை மாதிரி நெருநெருப்பு தெரிய வேண்டும். மொழுக்கென்று அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும், பல்லில் ஒட்டும். ரொம்பக் கரகரப்பாக விட்டால் அரிசி அடியில் தங்கிவிடும், மேலே உளுந்து மட்டும் நுரைத்து நிற்கும்.

கலப்பதும் பொங்குவதும்

இரண்டு மாவையும் உப்போடு சேர்த்துக் கையை அடிவரை விட்டுப் புரட்டி இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கரண்டியால் கலந்தாலும் மாவு புளிக்கும். நுரைக்க வைக்கிற பாக்டீரியாக்கள் உளுந்தோடும் அரிசியோடுமே வருகின்றன, அவற்றில் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். அது வெளிவிடும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும் வழவழப்பும் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மாவு எழும்புகிறது. இருந்தாலும் கையால் கலப்பதே நல்லது. அடியில் கட்டியாக உட்கார்ந்த அரிசி மாவு கரண்டிக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

கலந்த மாவு பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு மடங்காக எழும்பும் என்று வைத்துக்கொண்டு பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டும் வைத்துவிடுங்கள். சென்னை, மதுரை வெயில் காலத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். மற்ற மாதங்களில் எட்டு முதல் பத்து மணி நேரம். மார்கழியில் கோவையில் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், உப்பு புளிப்பதைத் தாமதப்படுத்தும். அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை வைப்பதும் பலன் தரும். வெயில் காலத்தில் உப்பை ஆட்டும்போதே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் தலைக்கு மேல் புளித்துவிடும்.

மாவு எழும்பி மேலே சிறு குமிழிகள் தெரிந்ததும், புளித்த வாடை அதிகமாவதற்கு முன்பே, அன்றைய இட்லிக்கு வேண்டியதை மட்டும் வெளியில் வைத்துவிட்டு மீதியை மூன்று டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரே பெரிய பாத்திரத்தில் வைத்துத் தினமும் வெளியே எடுத்து, கலக்கி, திரும்ப உள்ளே வைப்பதால்தான் பல வீடுகளில் மூன்றாம் நாளே மாவு வாய் வைக்க முடியாமல் புளிக்கிறது. டப்பாவுக்குள் மாவு இன்னும் கொஞ்சம் எழும்பும், கால் பங்கு இடம் விடுங்கள்.

முதல் ராத்திரி: இட்லி, பாசிப்பருப்பு சாம்பார்

பொங்கிய மாவைக் கலக்காமல் ஓரத்திலிருந்து கரண்டியால் அப்படியே அள்ளி ஊற்றுங்கள். கலக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். நடுத்தர இட்லிக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். ஈரக் கையால் தொட்டால் மாவு ஒட்டக் கூடாது. இறக்கி இரண்டு நிமிடம் ஆற விட்டு எடுங்கள். துணியில் ஊற்றுவதாக இருந்தால் தட்டைக் கவிழ்த்துத் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரியுங்கள், பிய்யாமல் வரும். எண்ணெய் தடவிய குழியைவிடத் துணியில் வெந்த இட்லி மெத்தென்றிருக்கும். துவைக்கிற வேலை கூடினாலும் துணிக்கே என் ஓட்டு.

இட்லி கல்லாக வந்தால் உளுந்து குறைந்திருக்கும், இல்லை சரியாக அரைந்திருக்காது. தட்டையாகப் பரந்தால் தண்ணீர் அதிகம். மேலே வெந்து நடுவில் பச்சை மாவாக இருந்தால் தண்ணீர் கொதிக்கும் முன்பே தட்டை வைத்திருப்பீர்கள். ஓரம் காய்ந்து வெடித்தால் அதிக நேரம் வெந்துவிட்டது.

இட்லி வேகும் நேரத்தில் சாம்பாரும் ஆகிவிடும். பாசிப்பருப்பு 100 கிராம், உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து, தக்காளி இரண்டு, பச்சை மிளகாய் இரண்டு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை டீஸ்பூன் சாம்பார் பொடி, மூன்று டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று விசில். திறந்து லேசாக மசித்து, உப்பும் சிறு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலும் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மல்லித்தழை தூவுங்கள். பாசிப்பருப்பு ஆற ஆறக் கெட்டியாகும், அதனால் இறக்கும்போது தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். பரிமாறும்போது இறுகியிருந்தால் வெந்நீர் ஊற்றித் தளர்த்துங்கள்.

இரண்டாம் ராத்திரி: தோசை, கார சட்னி

சுடுவதற்கு அரை மணி முன்பு டப்பாவை வெளியே எடுத்து வையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வார்த்தால் கல்லின் சூடு இறங்கிவிடும், தோசை வெளுத்தே வரும். இட்லிப் பதத்திலிருக்கும் ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கலந்தால் கரண்டியிலிருந்து தடையில்லாமல் விழும். நல்ல சிவப்பு வேண்டுமென்றால் இந்த ஒரு டப்பா மாவுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை போதும்.

இனி கல். இரும்பு தோசைக்கல்லில் மாவு ஒட்டுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அதே கல்லில் சப்பாத்தி போடுகிறீர்களா என்பதை. எண்ணெயில்லாமல் சப்பாத்தி சுட்டுச் சுட்டுக் கல்லின் எண்ணெய்ப் பூச்சு போய்விடும். சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே சரிசெய்ய வேண்டுமானால் கல்லை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தின் வெட்டுப் பக்கத்தால் இரண்டு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். அணைத்து ஆறவிட்டு இன்னொரு முறை அதையே செய்தால் முதல் தோசையே எழும்பி வரும். சோப்புப் போட்டுத் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், துணியால் துடைத்து வைத்தால் போதும்.

ஒவ்வொரு தோசைக்கு முன்பும் கல்லில் தண்ணீர் தெளியுங்கள். சொய்ங்கென்று சத்தம் வந்து உடனே ஆவியானால் சூடு இருக்கிறது. துடைத்துவிட்டுத் தீயைக் குறைத்து மாவை ஊற்ற வேண்டும். சூடு தாண்டிய கல்லில் மாவு இழுபடாது, கரண்டியோடு சுருண்டுகொண்டு வரும். நடுவில் ஊற்றி, கரண்டியை அழுத்தாமல் உள்ளிருந்து வெளியே ஒரே போக்காகச் சுற்றிக்கொண்டு போங்கள். நடுவுக்குத் திரும்பி வந்து சரிசெய்யப் பார்த்தால் கிழியும். பரப்பி முடித்ததும் தீயைக் கூட்டி ஓரத்தைச் சுற்றி ஒரு டீஸ்பூன் எண்ணெய். மேலே ஈரம் காய்ந்து, ஓரம் தானாகக் கல்லை விட்டுப் பிரியும்போதுதான் தோசைத்திருப்பியை உள்ளே விட வேண்டும். மெல்லிய தோசையைத் திருப்பிப் போட வேண்டியதில்லை.

கார சட்னிக்குப் பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி மூன்று, காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு நாலு பல். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் முதலில் மிளகாயைக் கருகாமல் வறுத்து எடுத்துவிடுங்கள், பிறகு வெங்காயமும் பூண்டும், கடைசியில் தக்காளி. தக்காளித் தண்ணீர் முழுக்க வற்றும்வரை, சுமார் எட்டு நிமிடம், வதக்கியே ஆக வேண்டும். பாதியில் இறக்கினால் சட்னி நீர்த்துப் பச்சை வாடை அடிக்கும். ஆறிய பிறகு உப்போடு அரைத்துக் கடுகும் உளுந்தும் தாளியுங்கள். தேங்காய் இல்லாததால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், அதனால் பணியார ராத்திரி அந்த இரண்டு நாளுக்குள் வந்தால் அதற்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்துவிடலாம்.

மூன்றாம் ராத்திரி: ஊத்தப்பம், தேங்காய் சட்னி

இரண்டு நாள் தொடர்ந்து மாவுப் பலகாரம் ஆன பிறகு நடுவில் ஒரு நாள் சப்பாத்தியோ ரசம் சாதமோ வைத்துவிட்டு ஊத்தப்பத்துக்கு வருவது நாக்குக்கு நல்லது. மாவும் அதற்குள் வேண்டிய புளிப்பை எட்டியிருக்கும். தண்ணீர் சேர்க்காமல் ஒரு பெரிய கரண்டி மாவை ஊற்றி, கரண்டியின் அடியால் லேசாகத் தட்டி அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் பரப்புங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தூவி, மாவு ஈரமாக இருக்கும்போதே திருப்பியால் அழுத்திவிடுங்கள். வெங்காயத்தில் முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டு மாவு நடுவில் வேகாமல் நிற்கும். மிதமான தீயில் மூடி போட்டு மூன்று நிமிடம், திருப்பி மூடியில்லாமல் இரண்டு நிமிடம். எண்ணெயில் தயங்க வேண்டாம், ஓரம் முறுகுவதுதான் ஊத்தப்பத்தின் ருசி.

மாவு புளிப்பாக இருப்பதால் சட்னியில் புளி வேண்டாம். துருவிய தேங்காய் ஒரு டம்ளர், பொட்டுக்கடலை இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் மூன்று, சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சி, உப்பு. தண்ணீரைக் குறைவாக விட்டு அரைத்துத் தாளியுங்கள். இதை அன்றன்றைக்கு அரைத்து அன்றன்றைக்கே முடித்துவிட வேண்டும்.

மிஞ்சிய மாவு: குழிப்பணியாரம்

செட்டிநாட்டுக்காரர்கள் பணியாரத்துக்கென்றே தனியாக மாவு ஆட்டுவார்கள். மிஞ்சிய இட்லி மாவில் செய்வது அவ்வளவு மென்மையாக வராது, ஆனாலும் வாரக் கடைசி ராத்திரிக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, உளுந்தம்பருப்பு தலா ஒரு டீஸ்பூன், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் இரண்டு, பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றை வதக்கி, ஆறிய பிறகு மாவில் கலக்குங்கள். சூடாகக் கொட்டினால் பட்ட இடத்தில் மாவு வெந்து கட்டி தட்டும். புளிப்பு அதிகமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் தணியும். சோடா உப்பும் புளிப்பை அடக்கும், ஆனால் சிட்டிகைக்கு மேல் போனால் சவர்க்கார வாடை வந்துவிடும்.

பணியாரக்கல்லின் ஒவ்வொரு குழியிலும் அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டுக் காய்ந்ததும் முக்கால் குழிக்கு மாவு. தீ மிதமாகவே இருக்கட்டும். வெளியே சீக்கிரம் சிவந்தால் உள்ளே மாவு வேகாமல் நிற்கும். ஓரம் வெந்து கல்லை விட்டதும் கம்பியால் சுழற்றித் திருப்புங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். குத்திய கம்பியில் மாவு ஒட்டாமல் வந்தால் எடுக்கலாம். கார சட்னி தீர்ந்துபோயிருந்தால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போதும்.

ஃப்ரிட்ஜிலிருக்கும் மாவின் மேல் சாம்பல் நிற நீர் தெளிந்து நின்றால் பயப்பட வேண்டாம், கலந்துவிட்டுப் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளியாகத் தெரிந்தால், பஞ்சு மாதிரிப் பூசணம் பிடித்திருந்தால், புளித்த வாடையைத் தாண்டி அழுகல் வாடை வந்தால், மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த டப்பா மாவு முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பாவை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள். இல்லையென்றால் அடுத்து வைக்கும் மாவும் சீக்கிரம் கெடும்.